மாணிக்க மாலையும் தொடுத்த கைகளும்

நமது கலைவரலாற்றாசிரியர் கோயிற் கட்டடத்திற்கும் படிமத்திற்கும் அளித்த கவனத்தை மாலைக்கு அளித்திலர். கல்லும் செம்பும் நிலைத்தன. மாலையோ மறுநாளே வாடிற்று. மாலை தொடுத்தோரின் உழைப்பு எவ்வாறு பதிவுற்றது என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினாவாகும்.

இருவகைச் சான்றுகள் நமக்குக் கிடைக்கின்றன. முதலாவது பக்தி மரபு. திருவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்து மாலை கட்டிய பெரியாழ்வாரும், பெரியபுராணம் கூறும் திருப்புகலூர் முருக நாயனாரும் அதற்கான தொண்டினாலேயே போற்றப்படுகின்றனர். தொண்டிற்குக் கூலி இல்லை. இரண்டாவது சோழர் காலக் கல்வெட்டுக்கள். அவை கோயில் மாலையைத் ‘திருப்பள்ளித்தாமம்’ எனக் குறித்து, நந்தவனம் பேணுவோர்க்கும் மாலை தொடுப்போர்க்கும் நிலமும் நெல்லும் ஒதுக்கப்பட்டமையைக் கூறுகின்றன. கோயிற்பணி தடையின்றி நடத்தலே அவற்றின் நோக்கமெனினும், புராணம் பேசாத பிழைப்பைக் கல்வெட்டுப் பேசிற்று எனலாம்.

இம்முரண் இன்றும் தீர்ந்திலது. குமரி மாவட்டத்துத் தோவாளையை எடுத்துக்கொள்வோம். 1956வரை திருவிதாங்கூர்ப் பகுதியில் அடங்கியிருந்த இவ்வூரின் மாலைகள் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலோடு தொடர்புடையவை. அவற்றுள் மாணிக்க மாலை தனிச்சிறப்புடையது. செவ்வரளி, வெள்ளரளி மலர்களையும் நொச்சி இலைகளையும் மடித்து, நாரினால் வரிசை வரிசையாகப் பிணைத்து, பாய் முடைந்தாற்போலத் தட்டையாகத் தொடுப்பர். மடிப்புகள் மாணிக்கக் கற்கள் பதித்தாற்போற் தோன்றும்.

சிற்பி தன் ஆக்கத்தை உரிய விலை கிட்டும்வரை வைத்திருக்கலாம். மாலை கட்டுவோர்க்கு அவ்வாய்ப்பில்லை. மலர் வாடுமுன் மாலை கைமாறவேண்டும். ஆதலின் பேரம்பேசும் வலு அவர்பால் குறைவு. எனவே மலரின் வாட்டம் அழகியற் செய்தி மட்டுமன்று, பொருளியற் செய்தியுமாகும்.

2013இல் மதுரை மல்லியும், 2025இல் தோவாளை மாணிக்க மாலையும் புவிசார் குறியீடு பெற்றன. முன்னையது மலருக்குக் கிடைத்த ஏற்பு; பின்னையது கைவினைக்குக் கிடைத்த ஏற்பு. அவ்வகையில் அதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும் குறியீடு பெயரைக் காக்குமேயன்றிக் கூலியைக் காவாது. சோழர் காலக் கல்லில் இடம்பெற்ற நெல்லளவிற்கு இன்றைய பதிவேட்டில் இடமில்லை.

மாலையின் அழகை வியத்தலோடு அமையாது, அதனைத் தொடுத்தோர் பெற்றது யாது என வினவும்போதே கலைவரலாறு மக்கள் வரலாறாகும்.