சும்மா கிடைக்கிற 25 மார்க்



போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா பேத்தி வந்திருந்தாள். கல்லூரியில் வேதியியல் முதலாண்டு. சுற்றுச்சூழல் பாடத்துக்கு ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சீனியர் பெண்ணின் நோட்டு. 'நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன்' என்ற இடத்தில் அதிலிருந்த எண்ணையே எடுத்துப் போட்டாள்.

"கண்மாய்க்குப் போனீங்களாடி?" என்றேன்.

"இல்ல சின்ன அம்மாச்சி. எல்லாரும் இப்படித்தான். இது சும்மா கிடைக்கிற மார்க்."

அந்த மார்க் எப்படி வந்தது என்று அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சினிமாக் கொட்டகைகளில் சுற்றுச்சூழல் பற்றி ஸ்லைடு போட வேண்டும், பள்ளி, கல்லூரிகளில் அது கட்டாயப் பாடமாக வேண்டும் என்றது. பல இடங்களில் வேலை நகரவில்லை. 2003 டிசம்பரில் நீதிமன்றம் மறுபடியும் கண்டிப்பாகச் சொன்னது. பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பட்டப்படிப்புக்கும் பொதுவாக ஒரு பாடத்திட்டம் கொடுத்தது. மொத்தம் 50 வகுப்புகள், 100 மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கு 75, களப்பணிக்கு 25. ஆறு, குளம், மாசடைந்த ஓர் இடம் என்று நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்றது அந்தப் பாடத்திட்டம்.

ஏன் நேரில்? அவள் காப்பியடித்த அந்தச் சோதனையே பதில் சொல்லும். 1888-இல் ஹங்கேரி நாட்டு வேதியியலாளர் விங்க்ளர் கண்டுபிடித்த முறை அது. பாட்டிலில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் பிடித்து, கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் சேர்க்க வேண்டும். பழுப்பாகப் படிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. தண்ணீரை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தால் வழியிலேயே அளவு மாறிவிடும். கரைக்குப் போகாதவருக்கு அந்த எண் கிடைக்கவே கிடைக்காது.

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. 2012-இல் நம் பள்ளிகளில் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் வைத்தார்கள். பிள்ளைகள் செடி வளர்த்து, இலை சேகரித்து, பேசிக் காட்டி வாங்க வேண்டிய மார்க். அதிகாரி வருகிறார் என்றதும், ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து நானே 36, 38 என்று நிரப்பினேன். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைக்கும் 37. அன்றைக்குக் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை ஏதாவது பேசியிருக்கும். நான் கேட்கவில்லை. உங்களில் சிலர் அந்த வகுப்பில் இருந்தீர்கள். மன்னித்துவிடுங்கள்.

சாயங்காலம் அவளைக் கண்மாய்க்குக் கூட்டிப்போனேன். ரசாயனம் எதுவும் கையில் இல்லை. பாசியின் நிறம், துவைக்கிற கல்லோரம் சோப்பு நுரை, நாரை மூன்று, கரையில் கிடந்த பிளாஸ்டிக் என்று நோட்டில் எழுதினாள். அந்த எண்ணை அடித்துவிட்டாள். கல்லூரி ஆய்வகத்தில் ரசாயனம் கேட்டு வாங்கி வந்து தானே அளந்து எழுதப் போகிறாளாம்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பேராசிரியர்கள். நோட்டில் கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அங்கே என்னப்பா பார்த்தாய்?" போனவன் நிறுத்தாமல் பேசுவான். மார்க் அதற்குத்தான்.

அன்புடன்,
உங்கள் பழைய டீச்சர்