கெராக்புடாயா புத்தகக் கடை, பினாங்கு

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் 2014இல் தொடங்கப்பட்ட தனியார் புத்தகக் கடை கெராக்புடாயா. தென்கிழக்காசியாவின் வரலாறு, அரசியல், சமூகவியல், இலக்கியம் ஆகியவையே இங்கு முதலிடம் பெறுகின்றன. நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் மலாயிலும் உள்ளவை. எழுத்தாளர் சந்திப்புகளாலும், பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நூல்களாலும் பெயர் பெற்ற கடை இது. மலாயில் 'கெராக்' என்றால் அசைவு, 'புடாயா' என்றால் பண்பாடு. பெட்டாலிங் ஜெயாவில் சோங் தோன் சின் நடத்திவந்த பதிப்பகத்தின் பெயரும் இதுவே. பினாங்குக் கடையை உருவாக்கியவர் பதிப்பாசிரியர் கேரத் ரிச்சர்ட்ஸ்.

கடை முதலில் இருந்தது மஸ்ஜித் கப்பிட்டான் கெலிங் சாலையில். தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் மொய்தீன் 1801இல் நிறுவிய பள்ளிவாசலின் பெயரைத் தாங்கிய சாலை அது. அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் வந்துவிடும். சூலியா தெருவில் நாகூர் தர்கா. பிரான்சிஸ் லைட் 1786இல் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைப்பற்றிய நாள்தொட்டு இந்த வட்டாரத்தில் தமிழ் புழங்கிவந்திருக்கிறது. அந்தப் பள்ளிவாசலைச் சுற்றி வாழ்ந்த சூலியா எனப்படும் தமிழ் முஸ்லிம் மக்களின் வரலாற்றைக் கூ சல்மா நசுத்தியோன் விரிவாக எழுதினார். பினாங்கின் அரேக்கா புக்ஸ் அதை வெளியிட்டதும் 2014ஆம் ஆண்டில்தான். ஒரு நகரத்தின் கதையைப் படித்துவிட்டு, அந்தக் கதை நடந்த தெருவிலேயே இறங்கி நடக்க முடிவது ஜார்ஜ் டவுன் வாசகருக்கு வாய்த்த பேறு.

பின்னர் கடை லெபு பந்தாய் எனப்படும் கடற்கரைத் தெருவுக்கு இடம் மாறியது. அங்கே 'ஹிக்காயாட்' என்ற கலை, இலக்கிய மையத்தின் ஓர் அங்கமாக ஆனது. இந்தப் பெயரைத் தமிழர் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஹிக்காயாட் என்பது அரபியிலிருந்து மலாய்க்கு வந்த சொல். கதை, வரலாறு என்று பொருள். மலாய் உரைநடையில் புதுவழி திறந்த நூலாகக் கருதப்படும் 'ஹிக்காயாட் அப்துல்லா' 1849இல் அச்சேறியது. அதை எழுதிய முன்ஷி அப்துல்லா 1796இல் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து, அங்கே தமிழ்ப் பெண்ணை மணந்தவர். கணக்கு வழக்குக்குத் தமிழ் வேண்டும் என்பதால் மலாக்காவின் வசதியான குடும்பங்கள் பிள்ளைகளைத் தமிழ் படிக்க அனுப்பிய வழக்கத்தையும், தானும் அப்படிப் படித்ததையும் அவரே அந்நூலில் பதிவு செய்திருக்கிறார்.

கடையின் உயிர்நாடி எழுத்தாளர் சந்திப்புகள். ஜார்ஜ் டவுனின் கடைவீடுகள் முகப்பில் குறுகலாகவும் உள்ளே நீண்டும் கிடப்பவை. வாசலில் அஞ்சடி எனப்படும் நடைபாதை; அதைத் தாண்டி நுழைந்தால் அலமாரிகள். இப்படிப்பட்ட இடத்தில் மேடை என்று தனியாக எதுவும் தேவைப்படாது. நாற்காலிகளைப் போட்டால் போதும், எழுத்தாளரும் வாசகரும் ஏறக்குறைய முழங்கால் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். எழுத்தாளர் சில பக்கங்கள் வாசிப்பார். நூலை ஏற்கெனவே படித்துவிட்டு வந்த ஒருவர் அவரோடு உரையாடுவார். பிறகு கேள்விகள். கடைசியில் கையெழுத்து. பாதி நேரத்துக்கு மேல் புத்தகத்துக்கு உள்ளே இருப்பதைப் பற்றியே பேச்சு நடக்கும். எளிய ஏற்பாடுதான், ஆனால் மலேசியத் தமிழ் வாசகருக்கு இது பழகிய முறை அல்ல.

மலேசியத் தமிழ் நூல் வெளியீடு வேறு மரபு. மண்டபம், தமிழ் வாழ்த்து, தலைமையுரை, பொன்னாடை, பிரமுகர் ஒருவர் முதல் நூலைப் பெறுதல் என்று அது நகரும். முதல் நூலுக்கு அவர் தரும் தொகை நூலின் விலையைப் போலப் பல மடங்கு இருக்கும். மற்றவர்களும் திருமணத்தில் மொய் எழுதுவதுபோல உறையில் பணம் வைத்து ஒரு பிரதியை வாங்கிச் செல்வார்கள். குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. தமிழ் நூல்களை விற்கும் கடைகள் அருகிய நாட்டில் அச்சுக் கூலியையாவது மீட்பதற்கு எழுத்தாளர்கள் கண்ட வழி அது. பல நல்ல நூல்கள் அந்த உறைகளால்தான் வெளிவந்தன. ஆனால் அங்கே நூல் வாசிக்கப்படுவதற்கு முன்பே வாங்கப்பட்டுவிடுகிறது. அதைப் படித்த பிறகு எழுத்தாளரை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் இரண்டாவது நாள் வருவதே இல்லை. அந்த இரண்டாவது நாளுக்கு இடம் கொடுப்பது புத்தகக் கடை. சென்னையில் கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸும் திருவான்மியூர் பனுவலும் தமிழுக்கு இதைச் செய்து காட்டியிருக்கின்றன.

சந்திப்புகளின் மறுபாதி பரிந்துரை. தனிக் கடையில் மேசைமேல் எதை நிமிர்த்தி வைப்பது, எதை அலமாரியில் முதுகு தெரியச் செருகுவது என்பதே ஒரு விமர்சனச் செயல். பினாங்கைப் பற்றி என்ன படிக்கலாம் என்று கேட்டு வருபவருக்குத் தயாரான விடை, ஆங்கிலத்தில் எழுதும் தான் துவான் எங்கின் நாவல்கள். அவர் 1972இல் பினாங்கில் பிறந்தவர். ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்துப் பினாங்கைச் சொல்லும் 'தி கிஃப்ட் ஆஃப் ரெயின்' 2007இல் புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் தீவுக்கு வந்து தங்கியதைக் கதையாக்கும் 'தி ஹவுஸ் ஆஃப் டோர்ஸ்' 2023இல் அதே பட்டியலை எட்டியது.

அந்தப் போர்க்காலப் பினாங்கைத் தமிழில் எழுதியவர் ப. சிங்காரம். 1938இல் இந்தோனேசியாவின் மேடான் நகருக்குச் சென்று, போர் முடிந்த பின் ஊர் திரும்பியவர் அவர். 'புயலிலே ஒரு தோணி' 1972இல் நூலானது. மேடானிலிருந்து கடல் கடந்து பினாங்கு வந்து சேரும் பாண்டியனும் அவன் நண்பர்களும் தமிழிலக்கியத்தைப் பற்றி விடாமல் வாதிடும் பக்கங்கள் அதில் உண்டு. தான் துவான் எங்கின் நாவலும் இதுவும் ஒரே மேசையில் அருகருகே இருக்க வேண்டியவை.

இன்னொரு இணையும் உண்டு. கெடா மாநிலத்தின் பீடோங் சிற்றூரில் 1940இல் ரெ. கார்த்திகேசுவும் 1942இல் கே.எஸ். மணியமும் பிறந்தார்கள். மணியம் ஆங்கிலத்தில் எழுதினார். சலவைத் தொழிலாளி மகனின் வளர்ச்சியைச் சொல்லும் 'தி ரிட்டர்ன்' 1981இல் வந்தது. கார்த்திகேசு தமிழில் எழுதினார். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்துகொண்டே 'வானத்து வேலிகள்', 'அந்திம காலம்' போன்ற நாவல்களைத் தந்து 2016இல் மறைந்தார். ஒரே ஊர், ஒரே காலம், ஒரே சமூகம். ஆனாலும் ஆங்கிலமும் மலாயும் மட்டும் படிக்கும் வாசகருக்கு மணியம் கிடைக்கிறார், கார்த்திகேசு பெரும்பாலும் கிடைப்பதில்லை. கடைக்காரர் எவ்வளவு நல்ல மனம் படைத்தவராக இருந்தாலும், மொழிபெயர்ப்பில் இல்லாத நூலை அவரால் பரிந்துரைக்க முடியாது. மலேசியத் தமிழ் இலக்கியம் உடனடியாகக் கவலைப்பட வேண்டிய விஷயம் இது.

பரிந்துரைக்கும் சுதந்திரத்துக்குச் சட்டத்தின் எல்லையும் உண்டு. 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி உள்துறை அமைச்சர் ஒரு நூலைத் தடை செய்யலாம். தடை வந்தபின் அதை விற்பது குற்றம். 2020 இறுதியில் ஒரே சமயத்தில் இரண்டு நூல்கள் தடை செய்யப்பட்டன. ஒன்று, ஒருபாலீர்ப்பைக் கிறிஸ்தவ நோக்கில் ஆராய்ந்து ஙியோ பூன் லின் எழுதி 2013இல் கெராக்புடாயா பதிப்பகம் வெளியிட்ட ஆங்கில நூல். மற்றொன்று ம. நவீனின் தமிழ் நாவல் 'பேய்ச்சி'. முதல் நூலின் மீதான தடையை எதிர்த்து நூலாசிரியரும் பதிப்பாளரும் தொடுத்த வழக்கில் 2022இல் உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் தடையை மீண்டும் நிலைநாட்டியது.

ஜார்ஜ் டவுன் இலக்கிய விழாவோடு இக்கடையின் வாழ்வு நெருக்கமாகப் பின்னிப் பிணைந்தது. எழுத்தாளர் பெர்னிஸ் சௌலியின் முன்னெடுப்பில் 2011இல் சிறிய அளவில் தொடங்கிய அவ்விழா, 2018இல் லண்டன் புத்தகக் கண்காட்சியின் சிறந்த இலக்கிய விழா விருதைப் பெற்றது. ஆண்டிறுதியில் சில நாட்கள் நடந்து முடியும் விழாவுக்கு வெளியூர் எழுத்தாளர்கள் வருகிறார்கள், போகிறார்கள். மற்ற மாதங்களில் அந்த எழுத்தாளர்களின் நூல்களைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க நகரத்தில் ஓர் இடம் வேண்டும். கெராக்புடாயா அந்த இடமாக இருந்துவருகிறது. அதே நகரில் பினாங்கு சாலை சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகளும் உள்ளன. புது நூலின் விலை கட்டாத மாணவர்கள் இன்றும் அங்கே படியேறுகிறார்கள்.