இரண்டாம் பலகை

1580இல் கொச்சியில் ஒரு தமிழ் நூல் அச்சேறியது. தமிழ் எழுத்தில் அச்சான நூல்களில் அது மூன்றாவது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வந்தது; அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’. திருக்குறளும் தொல்காப்பியமும் இன்னும் ஓலைச்சுவடியில் கிடந்த காலம் அது. செய்த பாவத்தை எப்படி நினைவுகூர்ந்து எப்படி வாய்விட்டுச் சொல்வது என்பதற்கான கையேடு அவற்றை முந்திக்கொண்டு அச்சுக்குப் போய்விட்டது. பெயர் ‘கொம்பெசியொனாயரு’. போர்த்துக்கீசியச் சொல்லைத் தமிழ் நாக்கு தன் வசதிக்கு வளைத்துக்கொண்ட வடிவம்.

அந்தக் கையேட்டுக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வழக்கு ஒன்று இருக்கிறது. மனம் திரும்புகிறவனை இறைவன் எத்தனை முறை பொறுப்பார் என்பதுதான் வழக்கு.

ஆதித் திருச்சபையில் பலரும் சொன்ன பதில்: ஒரே முறை. கி.பி. 200ஐ ஒட்டிக் கார்த்தேஜ் நகரில் எழுதிய தெர்த்துல்லியன், கப்பல் உடைந்தவன் கையில் அகப்படும் பலகையைத் தவத்துக்கு உவமையாக்கினார். ஞானஸ்நானம் கப்பல். அதை உடைத்துக்கொண்டவனுக்கு ஒரு பலகை உண்டு. அதையும் நழுவவிட்டால் கடல்தான். கொலை, விபசாரம், விசுவாச மறுதலிப்பு ஆகியவற்றில் விழுந்தவர்கள் சாக்கு உடுத்திச் சாம்பல் பூசி, கோயில் வாசலில் எல்லார் கண்ணுக்கும் முன்னால் நின்றார்கள். நற்கருணை கிடையாது. சில இடங்களில் இது ஆண்டுக்கணக்கில் நீண்டது.

பேரரசனுக்கும் விலக்கில்லை. 390இல் தெசலோனிக்கே நகர மக்களைப் பேரரசனின் படைவீரர்கள் வெட்டிச் சாய்த்தார்கள்; செத்தவர்கள் 7,000 பேர் என்று திருச்சபை வரலாற்றாசிரியர் தியோடொரெட் எழுதுகிறார். மிலான் ஆயர் அம்புரோஸ், பேரரசன் தியோடோசியுசுக்கு நற்கருணை தர மறுத்துக் கடிதம் எழுதினார். பேரரசன் அரச உடையைக் களைந்து, கோயிலில் எல்லார் முன்னிலையிலும் அழுத பிறகே மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டான்.

கேட்கச் சிலிர்ப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கண்டிப்பு எதிர்பாராத வேலை ஒன்றைச் செய்தது. பலகை ஒன்றுதான் என்றால் அதை எப்போது எடுப்பது? சாகும் தறுவாயில். கெட்டிக்காரர்கள் தவத்தைத் தள்ளிப்போட்டார்கள். ஞானஸ்நானத்தையே தள்ளிப்போட்டவர்களும் உண்டு. 312 முதலே கிறிஸ்துவின் பக்கம் சாய்ந்திருந்த கான்ஸ்டன்டைன் ஞானஸ்நானம் பெற்றது 337இல், சாவதற்குச் சற்று முன்பு. பவுல் ரோமருக்கு எழுதிய திருமுகத்தில் கடவுளின் பொறுமையை மனம் மாறுவதற்கான அழைப்பாகக் கண்டார். பொறுமைக்குக் கணக்கு வைத்த இடத்தில் அழைப்பை யாரும் அவசரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாற்றம் ரோமிலிருந்து வரவில்லை. மேற்குக் கடலோரத்து அயர்லாந்து மடங்களிலிருந்து வந்தது. அங்கே துறவிகள் தங்கள் குற்றங்களை ஒரு மூத்தவரிடம் தனியாகச் சொல்வார்கள். அவர் நோன்போ செபமோ விதிப்பார். விழுந்தால் திரும்பவும் வரலாம். இந்தப் பழக்கம் மடத்தை விட்டு ஊருக்குள் இறங்கியது. 615இல் இறந்த கொலும்பான் போன்ற துறவிகள் அதை ஐரோப்பியப் பெருநிலத்துக்குக் கொண்டுபோனார்கள். விழுந்தபோதெல்லாம் வந்து மன்னிப்புக் கேட்கும் வழக்கத்தை 589இல் ஸ்பெயினின் தொலேதோ சங்கம் அருவருக்கத்தக்க துணிச்சல் என்று கண்டித்துத் தடைபோட்டிருந்தது. தடை நிற்கவில்லை. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம், விவரம் தெரிந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவத்தை அறிக்கையிட வேண்டும் என்றே சட்டம் செய்தது. கேட்ட குருவானவர் அதை வெளியிடக் கூடாது. வெளியிட்டால் வாழ்நாள் முழுக்க மடத்தில் அடைப்பு. ஒரு காலத்துக் குற்றம் பிற்காலத்துக் கடமையாகிவிட்டது.

வாசல் அகன்றதும் வியாபாரியும் நுழைந்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். பரிகாரத்தைப் பணமாக மாற்றும் வழிகள் வளர்ந்து, 1517இல் மார்ட்டின் லூத்தர் எதிர்த்தெழுந்த பலன்பத்திர விற்பனை வரை போயின.

பாவத்தை அறிக்கையிடும் வழக்கம் தமிழ்க் கரைக்கு வந்த கதைக்கு வருவோம். 1530களில் முத்துக்குளித்துறையின் பரதவர்கள் பல்லாயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் பிடிபடவில்லை; துபாசிகளைக் கொண்டு சமாளித்தார். செபத்தை அப்படிக் கற்பித்துவிடலாம். பாவத்தை? பக்கத்து வீட்டுத் துபாசியை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு எந்த மனிதன் தன் களவைச் சொல்லுவான்?

இந்த முடிச்சை அவிழ்த்தவர் அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் என்றிக்கே என்றிக்கஸ். போர்த்துகலின் விலா விசோசாவில் 1520இல் பிறந்தவர். முதலில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். யூத வம்சம் என்பதற்காக வெளியேற்றப்பட்டார். 1545இல் இயேசு சபை அவரை ஏற்றது. மறு ஆண்டு இந்தியா வந்து, பிறகு முத்துக்குளித்துறையில் விடாப்பிடியாகத் தமிழ் படித்தார். துபாசி இல்லாமல் பேசுமளவுக்குத் தேறினார். தமிழுக்கு இலக்கணக் குறிப்பும் எழுதினார்.

முப்பது ஆண்டுக்கு மேல் அந்த மக்களின் பேச்சைக் கேட்டுப் பழகிய பின்தான் அவருடைய கொம்பெசியொனாயரு அச்சாகிறது. பாவசங்கீர்த்தனக் கையேடுகளுக்கென்று ஒரு மரபு உண்டு. பத்துக் கட்டளைகளை வரிசையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கீழும் கேள்வி அடுக்குவார்கள். களவுப் பொருளைத் திருப்பிக் கொடுத்தாயா என்பது அதில் முக்கியமான கேள்வி. கண்ணீர் மட்டும் போதாது. கடலை நம்பி வாழ்ந்த அந்தக் கரையில் கப்பல் உடைந்தவனின் பலகை உவமைக்கு உரை தேவைப்பட்டிருக்காது.

1593இல் இயேசு சபை யூத வம்சத்தினரை இனிச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. அப்போது என்றிக்கஸ் உயிரோடு இருந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டாக அதே சபையின் அங்கியில், மற்றவர்கள் திரும்பி வருவதற்கான வழியைச் சொல்லிக்கொண்டு. 1600இல் புன்னைக்காயலில் இறந்தார். அந்தத் தடை முழுவதும் நீங்கியது 1946இல்.

1973இல் ரோம் பாவ அறிக்கைச் சடங்கைப் புதுப்பித்த பிறகு தமிழில் ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்ற பெயர் வழக்கத்துக்கு வந்தது. முதியவர்கள் வாயில் இன்னமும் ‘பாவசங்கீர்த்தனம்’தான். தவக்காலத்தின் கடைசி வாரத்தில் அதற்கு வரிசை நீளும். போன வருஷம் வந்தவர்களே திரும்பவும் நிற்பார்கள், பெரும்பாலும் போன வருஷத்துப் பாவங்களோடு.