மெயிலைத் திறந்தா 'சாவி இல்லை'ன்னு வருதா? பதறாதீங்க... 6 சிக்கல், 6 தீர்வு!

மதுரையில் எந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி, "மெயில்ல அனுப்புறீங்களா, வாட்ஸ்அப்பா?" என்பதுதான். ஆதார், மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக் எல்லாம் இப்போது பிடிஎஃப்பாகவே பறக்கின்றன. வாட்ஸ்அப் மெசேஜ் தானாகவே பூட்டப்பட்டுப் போகும். சாதாரண மெயில் அப்படியில்லை. வழியில் பாதுகாப்பு இருந்தாலும், சர்வரில் படிக்கக்கூடிய நிலையில்தான் கிடக்கும்.

கடைக்காரருக்கு அனுப்புவதை விடுங்க. ஆடிட்டர், வக்கீல், பத்திரிகையாளர் என்று ஒருவருக்கு ரகசியமான ஃபைலை அனுப்பணும்னா, நாமே பூட்டித்தான் அனுப்பணும். அதற்கான பழைய, நம்பகமான வழி பிஜிபி. 1991-ல் அமெரிக்காவின் ஃபில் சிம்மர்மன் உருவாக்கியது. தண்டர்பேர்ட் மெயில் புரோகிராமில், 2020-ல் வந்த 78-ம் பதிப்பிலிருந்து இந்த வசதி உள்ளேயே இருக்கு. அதற்கு முன் எனிக்மெயில் என்ற ஆட்-ஆனைத் தனியாகப் போடணும்.

செட் பண்றது கொஞ்சம் குழப்பம்தான். 2012 டிசம்பரில் எட்வர்ட் ஸ்னோடன், பெயர் சொல்லாமல் பத்திரிகையாளர் கிளென் கிரீன்வால்டைத் தொடர்புகொண்டு, "பிஜிபி போடுங்க" என்று கேட்டார். கிரீன்வால்ட் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். உலகையே உலுக்கிய அந்தச் செய்தி கைநழுவிப் போகப் பார்த்தது!

திண்டுக்கல் பூட்டு கணக்கு

நம்ம மதுரைக்குப் பக்கத்தில்தான் திண்டுக்கல். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு ஊர். அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் ஒரு பூட்டை நினைச்சுக்கோங்க. திறந்த பூட்டுகளை நண்பர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுறீங்க. யார் வேண்டுமானாலும் பெட்டியில் போட்டு அழுத்திப் பூட்டி அனுப்பலாம். ஆனால் திறக்கிற சாவி உங்களிடம் மட்டும்தான். அந்தப் பூட்டுதான் 'பப்ளிக் கீ'. சாவி, 'சீக்ரெட் கீ'. பூட்டை ஊருக்கே கொடுக்கலாம். சாவியை யாருக்கும் கொடுக்கக் கூடாது. இது புரிந்தால் கீழே உள்ள சிக்கல்கள் எல்லாம் ஈஸி.

1. "சீக்ரெட் கீ இல்லை" என்று வருகிறதா?
புது லேப்டாப் வாங்கினதும் வருகிற சிக்கல் இது. பாஸ்வேர்டு போட்டால் மெயில் எல்லாம் வந்துவிடும், சாவி வராது. பழைய லேப்டாப்பில் 'ஓபன்பிஜிபி கீ மேனேஜர்' போய், ஃபைல் மெனுவில் சீக்ரெட் கீயை பேக்கப் எடுங்க. புதியதில் இம்போர்ட் பண்ணுங்க. பிறகு 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்', 'எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன்' பக்கத்தில் அந்தக் கீயைத் தேர்வு செய்தால்தான் வேலை முடியும். பலர் இந்தக் கடைசி ஸ்டெப்பைத்தான் விட்டுடுறாங்க.

2. பூட்டி அனுப்ப முடியவில்லையா?
எதிராளியின் பப்ளிக் கீ உங்களிடம் இல்லை, அல்லது இருந்தும் நீங்கள் அதை ஏற்கவில்லை. கீ மேனேஜரில் அவர் கீயை டபுள் கிளிக் செய்து, ஏற்பதாகத் தேர்வு செய்யணும். அதற்கு முன் ஒரு போன் போட்டு ஃபிங்கர்பிரின்ட் எண்ணைச் சரிபாருங்க. உங்க நண்பர் பெயரில் யார் வேண்டுமானாலும் ஒரு கீ உருவாக்க முடியும்.

3. கீ எக்ஸ்பயரி ஆகிடுச்சா?
தண்டர்பேர்ட் உருவாக்கும் கீக்கு, நீங்கள் மாற்றாவிட்டால் 3 வருஷம்தான் ஆயுள். புது கீ தேவையில்லை. கீ விவரத்தில் தேதியை நீட்டினால் போதும். நீட்டிய பப்ளிக் கீயை நண்பர்களுக்கு மறுபடி அனுப்பணும். பழைய மெயில்களை எக்ஸ்பயரி ஆன கீயிலும் திறக்கலாம்.

4. மெயில் ஐடி பொருந்தலையா?
காலேஜ் ஐடிக்கு உருவாக்கிய கீயை வைத்துக்கொண்டு வேறு ஐடியிலிருந்து அனுப்பினால் குழப்பம் வரும். கீயில் உள்ள மெயில் முகவரியும், அக்கவுன்ட் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று செக் பண்ணுங்க.

5. போனில் திறக்க மாட்டேங்குதா?
ஜிமெயில் ஆப்பில் இந்த மெயில் வெறும் அட்டாச்மென்ட்டாகத்தான் தெரியும். மெயில் கெட்டுப்போகவில்லை, அந்த ஆப்புக்கு பிஜிபி தெரியாது, அவ்வளவுதான். ஆண்ட்ராய்டில் 2024 அக்டோபரில் தண்டர்பேர்ட் ஆப் வந்தது. கூடவே ஓபன்கீசெயின் ஆப்பைப் போட்டு, சாவியை அதில் இம்போர்ட் பண்ணணும்.

6. சப்ஜெக்ட் இடத்தில் வெறும் மூன்று புள்ளியா?
இது கோளாறு இல்லை. தண்டர்பேர்ட் சப்ஜெக்ட்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஆனால் யார் யாருக்கு, எப்போது அனுப்பினார் என்பதை பூட்ட முடியாது. அது வெளியே தெரியும்.

தீர்வே இல்லாத ஒரு சிக்கல்

மேலே சொன்ன ஆறையும் பத்து நிமிஷத்தில் சரி பண்ணிடலாம். ஆனால் பேக்கப் இல்லாமல் சீக்ரெட் கீ தொலைந்தால், அதில் பூட்டிய பழைய மெயில்கள் போனது போனதுதான். 'ஃபர்காட் பாஸ்வேர்டு' பட்டன் இங்கே கிடையாது. கஸ்டமர் கேர் கிடையாது. சாவி வேறு யாரிடமும் இல்லை என்பதுதான் இதன் பலமே.

அதனால் இன்னைக்கே மூணு வேலை பண்ணிடுங்க:

* சீக்ரெட் கீயை வலுவான பாஸ்வேர்டோட பேக்கப் எடுத்து, பென் டிரைவில் போட்டு வீட்டில் வையுங்க. மெயிலில் உங்களுக்கே அனுப்பிக்காதீங்க.
* அந்த பாஸ்வேர்டைப் பேப்பரில் எழுதி, பென் டிரைவோடு சேர்க்காமல் வேறு இடத்தில் வையுங்க.
* தண்டர்பேர்டில் 'பிரைமரி பாஸ்வேர்டு' போடுங்க. லேப்டாப் வேறு கைக்குப் போனாலும் சாவி சுலபமாகச் சிக்காது.

லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுத்து ஃபார்மேட் பண்ணச் சொல்றதுக்கு முன்னாடி, "சாவியை எடுத்தாச்சா?" என்று ஒருமுறை கேட்டுக்கோங்க. பூட்டு எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், சாவி ஒண்ணுதான்!