பிரருக்கூ: மூச்சுக்கு வந்த விலை

அமேசான் ஆற்றுப் பக்கம் பிரருக்கூ என்றொரு மீன் இருக்கிறது. பெரு நாட்டில் பைச்சே என்பார்கள், பாடப் புத்தகத்தில் அரபைமா. 3 மீட்டர் நீளம், 200 கிலோ வரை வளரும். கடல் மீன் இல்லைங்க, நன்னீர் மீன்!

அந்த ஊர்க்காரர்கள் இதில் எதையும் சும்மா விடுவதில்லை. செதில் நகம் தேய்க்கும் அரம். எலும்பு மாதிரி கடினமான நாக்கைக் காயவைத்து, குவாரானா கட்டியைத் துருவ வைத்துக்கொள்வார்கள். ஆனால் காசு இறைச்சியில்தான். போர்த்துகீசியர்களுக்கு உப்புப் போட்ட காட் மீன் என்றால் உயிர். அது கப்பலில் வரவேண்டும். பிரருக்கூ சதையை அகலமாகக் கீறி, உப்பிட்டு வெயிலில் போட்டால் அந்த இடத்தை இது பிடித்துக்கொண்டது. நம்மூர் கருவாடு கதைதான். ரப்பர் காட்டில் வேலை பார்த்தவர்களும் மரவள்ளி மாவோடு இதைத்தான் சாப்பிட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், இந்த மீன் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை இழுத்தே ஆகவேண்டும். ஈட்டியோடு காத்திருப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? போதாததற்கு, குஞ்சுகளைக் காவல் காப்பது ஆண் மீன். அதைக் குத்தினால் குஞ்சுகளும் போச்சு. பிறகு வலையும் ஐஸும் வந்தன. பல ஏரிகள் காலி. 1975-ல் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு, 1996-ல் பிரேசிலின் அமேசோனாஸ் மாநிலத்தில் பிடிக்கவே தடை. திருட்டு வியாபாரம் மட்டும் நிற்கவில்லை.

1999-ல் மாமிராவா காப்பகத்தில் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. காமர்ஸ் பாஷையில் சொன்னால், ஸ்டாக் எடுத்தார்கள்! அனுபவமுள்ள மீனவர்கள் ஏரியில் படகை நிறுத்தி, 20 நிமிடத்தில் எத்தனை மீன் மூச்சுவிட மேலே வருகிறது என்று எண்ணினார்கள். அந்தக் கணக்கு நம்பகமானது என்று ஆய்விலும் தெரிந்தது. ஒன்றரை மீட்டருக்கு மேல் வளர்ந்தவற்றில் அதிகபட்சம் 30 சதவீதம் பிடிக்க அனுமதி, மிச்சம் முதல். ஈட்டிக்குக் காட்டிக்கொடுத்த அதே மூச்சு இப்போது கணக்குப் புத்தகத்தில். மீன் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது.

ஆனால் ஏரி நிறைந்தால் திருடனும் வருவான். ராத்திரி பகலாகக் காவல் இருப்பது கிராமத்து ஆட்கள்தான், அந்தச் செலவு மீன் விலையில் சரியாக ஏறுவதில்லை. 2022 ஜூனில், பிரருக்கூ திருட்டு நடக்கும் ஜவாரி பள்ளத்தாக்கில், பழங்குடியினரின் காவல் குழுக்களுக்கு உதவிய புரூனோ பெரெய்ராவும் பத்திரிகையாளர் டாம் பிலிப்ஸும் சட்டவிரோத மீன்பிடிக்காரர்களால் கொல்லப்பட்டார்கள்.