அரிவாள்மனை: சாணையும் செப்பனிடலும்

அரிவாள்மனை என்பது மரப்பலகையில் நிமிர்த்திப் பொருத்திய வளைந்த இரும்பு அலகு கொண்ட சமையலறைக் கருவி. பேச்சு வழக்கில் அருவாமனை. பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அரிவார்கள். அலகு அசைவதில்லை, காயைப் பிடித்த இரண்டு கைகளும் அதை நோக்கிப் போய்வரும். அலகின் நுனியில் பல் வெட்டிய வட்டம் இருந்தால் தேங்காயும் துருவலாம். வங்காளத்தின் ‘போன்ட்டி’ இதற்கு நெருங்கிய உறவு.

பழைய அலகுகள் கரிம எஃகால் ஆனவை. எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் உண்டு, அதனால் எளிதில் துருப்பிடிப்பதில்லை. கத்திகளுக்குப் பேர்போன ஷெஃபீல்டு நகரில் 1913இல் ஹாரி பிரெயர்லி அதை உருக்கிய பிறகுதான் துருப்பிடிக்காத கத்தி என்ற ஒன்று வந்தது. கரிம எஃகை அடையாளம் காண வாழைப்பூவே போதும். அரிந்த சற்று நேரத்தில் அலகில் கருநீலக் கறை படரும். பூவின் துவர்ப்புச் சத்தான டானினும் இரும்பும் கூடி உண்டாவது அது. அந்தக் காலத்து எழுத்து மையின் கறுப்பும் இதே சேர்க்கைதான். இந்தக் கறுப்பு வேறு, துரு வேறு. நாள்பட்ட அலகின் கருமையைப் பளபளப்பாகும்வரை தேய்த்து எடுப்பது வீண் வேலை, அந்தப் படலம் துருவை ஓரளவு தள்ளிப்போடும்.

  அரிவாளுக்கும் லாரிக்கும் என்ன உறவு என்றால், பட்டறைகளில் கேட்டுப் பார்க்கலாம். கொல்லர்கள் விரும்பி வாங்கும் இரும்பு, கழித்துப்போட்ட லாரியின் வில்பட்டை. சுமாராக அரை சதவீதத்துக்கு மேல் கரிமம் உள்ள எஃகு அது, தோய்ச்சலுக்கு நன்றாகப் பிடிக்கும். சாணையில் வைத்தாலே இரும்பின் குணம் தெரிந்துவிடும். கரிமம் குறைந்த இரும்பில் பொறி நீளக் கோடாக ஓடும், கூடிய எஃகில் கிளை பிரிந்து மத்தாப்பூவாகச் சிதறும்.

சாணையின் கதையில் ஒரு தமிழ்ச் சொல்லும் இருக்கிறது. குருந்தக்கல் வைரத்துக்கு அடுத்த கடினம், மோஸ் அளவில் 9. அதைப் பொடித்து அரக்கோடு சேர்த்துச் சக்கரமாக வார்ப்பது நம் பழைய முறை. ‘குருந்தம்’ ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ ஆனது. அமெரிக்கரான அச்சிசன் 1890களின் தொடக்கத்தில் சிலிக்கான் கார்பைடைச் செய்தபோது, கார்பனையும் கொரண்டத்தையும் ஒட்டி ‘கார்போரண்டம்’ என்று பெயரிட்டார். அந்தப் பெயரைத் தாங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் 1954இல் சென்னையில் முருகப்பா குழுமத்தின் பங்கோடு தொடங்கியது. போன சொல் சுற்றிக்கொண்டு ஊர் திரும்பியது என்றே சொல்ல வேண்டும்.

பழைய அலகுக்குத் துருவைவிடப் பெரிய பகை அவசரச் சாணை. கொல்லர் அலகைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்க்கிறார். அப்போது அது கண்ணாடிபோல் நொறுங்கும் கடினம் பெறும். மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்துகிறார். அந்தச் சூட்டைப் பரப்பின் நிறமே சொல்லிவிடும். ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சள், 300ஐ நெருங்கினால் நீலம். மோட்டார் சாணையில் அழுத்திப் பிடித்தால் மெல்லிய வாய்தான் முதலில் சூடேறும். நொடிகளில் நீலம் பூத்துவிடும். அந்த இடம் இளகிவிட்டது. எத்தனை முறை தீட்டினாலும் நாலு நாளில் மழுங்கும். நீலம் பட்ட விளிம்பை மெதுவாகத் தேய்த்துக் கழிக்கலாம், இல்லையென்றால் பட்டறையில் மறுபடி தோய்ச்சல் போடலாம். சைக்கிளை நிறுத்தி மிதித்தே சக்கரம் சுழற்றும் தெருச் சாணைக்காரரிடம் இந்த ஆபத்து குறைவு, அவர் கால்வேகம் அவ்வளவுதான்.

துரு ஏறிய அலகைப் புளிக்கரைசலில் நனைத்த துணியால் சில மணி நேரம் சுற்றிவைத்தால், புளியின் அமிலம் துருவை இளக்கும். பிறகு தேங்காய் நாரும் சாம்பலும் கொண்டு தேய்த்துக் கழுவி, ஈரம் போக உடனே துடைக்க வேண்டும். குழி விழுந்த துருவை முழுக்கப் போக்க முயன்றால் அலகே மெலிந்துபோகும். வாய் ஓரத்தில் மட்டும் சுத்தமாக இருந்தால் போதும்.

கத்தி என்றால் கல்மேல் இழுக்கலாம். அரிவாள்மனையின் அலகு பலகையோடு நிற்பதால் கல்லை அலகிடம் கொண்டுபோக வேண்டும். பலகையை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, நனைத்த சாணைக்கல்லை அடியிலிருந்து நுனிவரை வளைவை ஒட்டியே, 15 முதல் 20 டிகிரிச் சாய்வில் நகர்த்துவார்கள். முதலில் கரடுமுரடான பக்கம். மறுபுறம் விரல் நுனிக்கு மெல்லிய பிசிறு தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் முடிந்தது என்று பொருள். விரலை வாயின் நீளத்தில் ஓட்டாமல் குறுக்கே, வெளிநோக்கித் தடவ வேண்டும். இரண்டு பக்கமும் ஆனதும் கல்லின் நுண்பக்கத்தால் பிசிறைக் கழிக்க வேண்டும். கல் இல்லாத வீடுகளில் அம்மியின் விளிம்பும் பீங்கான் கோப்பையின் மெருகற்ற அடிவளையமும் அந்த வேலையைச் செய்திருக்கின்றன.

அலகு ஆடினால் தீட்டியும் பயனில்லை. பலகையில் அலகின் கால் இறங்கும் துளை அகன்றிருக்கும். மூங்கில் ஆப்பு ஒன்று அடித்தால் நிற்கும். வேலை முடிந்ததும் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடை துடைத்து, வாய் சுவரைப் பார்க்கப் படுக்கவைப்பது வழக்கம்.