தேயிலை மலையில் தன்னை ஆளும் கல்வி

பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்த நம் முன்னோர், 12, 13 ஆகிய வயதுகளை மங்கைப் பருவம் என்றும், 14 முதல் 19 வரையுள்ள வயதுகளை மடந்தைப் பருவம் என்றும் பெயரிட்டனர். ஆடவர்க்கும் காளை, விடலை எனப் பருவப் பெயர்கள் உண்டு. இன்றைய கல்வியாளர் வளரிளம் பருவம் எனச் சுட்டுவது ஏறத்தாழ இந்த ஆண்டுகளையே. இப்பருவத்தார் பெறவேண்டிய பயிற்சி யாது எனின், தன்னை ஆளுதல், குறிக்கோள் வகுத்தல், ஆராய்ந்து முடிவெடுத்தல் என மூன்றைக் கூறுவர். 1993ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் வாழ்க்கைத் திறன் கல்வி குறித்து வெளியிட்ட ஏடு பத்துத் திறன்களை எடுத்துரைத்தது. முடிவெடுத்தல் அவற்றுள் ஒன்று.

தமிழர்க்கு இது புதுச் செய்தியன்று. திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. செயலைத் தேர்தல், அதற்குரிய வலிமையை அளத்தல், காலம் நோக்கல், இடம் நோக்கல் என்னும் அவ்வரிசை ஒரு பாடத்திட்டமாகவே அமைந்திருப்பதைக் காண்கிறோம். எனினும் ஒன்றை மறத்தலாகாது. இவை பொருட்பாலின் அரசியலில் அடங்குவன. அரசனை நோக்கிக் கூறப்பட்டன. முடிவெடுக்கும் உரிமை உடையவனுக்கே முடிவெடுக்கும் கல்வி உரைக்கப்பட்டது. அவ்வுரிமை இல்லாதார் வீட்டுப் பிள்ளைக்கு இக்கல்வி எவ்வாறு வாய்க்கும்? இவ்வினாவுக்கு விடை தேடின் மாட்டுப்பட்டி மலைச்சாரலின் வரலாறு நமக்குப் பெரிதும் துணை செய்யும்.

மலையேறிய தமிழர்

மாட்டுப்பட்டி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மூணாற்றுக்கு அருகே உள்ள ஊர். பட்டி என்பது ஆநிரைகளை அடைக்கும் தொழுவையும் குறிக்கும். 1963ஆம் ஆண்டின் இந்திய சுவிட்சர்லாந்து உடன்பாட்டின்படி அங்கே கால்நடைப் பண்ணை எழுந்தது பெயருக்குப் பொருத்தமாயிற்று. ஆயினும் அவ்வட்டாரத்தின் வாழ்வை உருவாக்கியது தேயிலையே.

1877ஆம் ஆண்டில் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். 1897ஆம் ஆண்டில் கண்ணன் தேவன் மலை விளைபொருட் கம்பெனி தோன்றியது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் ஏழை எளியோர் கங்காணியிடம் முன்பணம் பெற்று, போடிநாயக்கனூர் வழியே மலையேறினர். மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரை சிறு இருப்புப்பாதையும் ஓடிற்று; 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அதனை அழித்தது. பாதை அழிந்தது, வந்த மக்கள் நிலைத்தனர். 1956ஆம் ஆண்டில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. எந்த மாநிலத்தில் வாழ்வது என்பதும் அம்மக்கள் கையில் இருக்கவில்லை.

சங்கொலி ஆண்ட காலம்

தோட்டத்து நாள் சங்கொலியில் தொடங்கியது. பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டபின் எந்த மலைக்குப் போவது, எத்தனை கிலோ கொழுந்து எடுப்பது என்பனவற்றை மேலோர் வகுத்தனர். குடியிருந்த லயமும் தோட்டத்துக்கு உரியது. காலம், இடம், வேலை அளவு ஆகிய மூன்றும் பிறரால் வகுக்கப்பட்ட வாழ்வில், காலமறிதலும் இடனறிதலும் பழகுவதற்கு வாய்ப்பு ஏது?

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பல நன்மைகளைச் செய்தது. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வளரிளம் பருவத்தை அது எவ்வாறு நோக்கியது என்பதைக் காணல் வேண்டும். தொழிலாளரின் பிள்ளைகளுள் 6 முதல் 12 வயதுக்குட்பட்டோர் 25 பேருக்கு மேல் இருப்பின், கல்வி வசதி செய்யுமாறு முதலாளியைப் பணிக்கும் விதிகளை மாநில அரசு இயற்றலாம் என்றது. அதே சட்டம், 12 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைத்தலாகாது என்றும் கூறிற்று. பள்ளி முடியும் வயதும் கொழுந்துக்கூடை ஏறத்தகும் வயதும் ஒன்றாகவே அமைந்துவிட்டன! 15 முதல் 18 வயது வரையுள்ளோரை வளரிளையோர் என வகுத்து, அவர்க்கும் சிறார்க்கும் வாரத்திற்கு 40 மணி நேரம் என வேலை வரம்பு கட்டியது. 1981ஆம் ஆண்டில் அது 27 மணியாகக் குறைந்தது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 12 வயது விதியையே நீக்கி, குழந்தை என்பதற்கு 14 வயதை எல்லையாக்கியது. நம் முன்னோர் மடந்தை எனவும் விடலை எனவும் பெயரிட்ட பருவத்தை, சட்டம் நெடுங்காலம் வேலை மணிகளால் அளந்தது என்பது இதனால் புலனாகும்.

சட்டத்தைக் காட்டிலும் வலிய கட்டு வீடு. தோட்டத்தில் வேலை செய்வோர்க்கே லயத்தில் இடம்; 58 வயதில் ஓய்வு பெற்றால் வீட்டை ஒப்படைத்தல் வேண்டும். வீட்டில் ஒருவராவது வேலையில் தொடர்ந்தால் குடும்பம் அங்கேயே தங்கலாம். ஆகவே பத்தாம் வகுப்பு முடித்த மகனோ மகளோ மேற்படிப்பை எண்ணும்போது, பெற்றோரின் உறைவிடமும் அவ்வெண்ணத்தின் மறுதட்டில் வந்து அமர்ந்தது. குறிக்கோள் வகுத்தல் என்பது நகரத்துப் பிள்ளைக்கு ஆசையைப் பற்றிய கேள்வி. லயத்துப் பிள்ளைக்கோ கூரையைப் பற்றிய கேள்வி.

தாயர் கற்பித்த பாடம்

2005ஆம் ஆண்டில் இம்மலைகளின் பெரும்பகுதித் தோட்டங்கள் டாட்டா டீ நிறுவனத்திடமிருந்து, தொழிலாளர் பங்கு பெற்ற புதிய கம்பெனிக்கு மாறின. தாளில் அவர்கள் பங்குதாரர் ஆயினர். ஆயினும் முடிவெடுக்கும் பழக்கம் தாளால் வருவதன்று என்பதைப் பின்வந்த நிகழ்ச்சி காட்டிற்று.

2015ஆம் ஆண்டு செப்டம்பரில் போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை நிறுத்தி மூணாற்றுச் சாலையில் அமர்ந்தனர். அவருள் பெரும்பாலோர் தமிழர். ‘பெண்பிளை ஒருமை’ என்னும் பெயரில் திரண்ட அவர்கள், தொழிற்சங்க ஆடவர் தலைவர்களை விலக்கித் தாமே பேசினர். 20 விழுக்காடு என இலக்கு வகுத்தனர், ஒன்பது நாள் உறுதி தளராது நின்றனர், 8.33 விழுக்காடு போனசும் 11.67 விழுக்காடு கருணைத் தொகையுமாக அதனைப் பெற்றனர். நாட்கூலியை 232 ரூபாயிலிருந்து 500 ரூபாயாக்கும் கோரிக்கை மட்டும் நிறைவேறவில்லை. அது பின்னர் 301 ரூபாயாயிற்று. அவ்வமைப்பு பிறகு பிளவுற்று வலுவிழந்ததும் உண்மையே. எனினும் தன்னை ஆளுதல், இலக்கு வகுத்தல், முடிவெடுத்தல் என்னும் மூன்றையும் அத்தாயர் ஒருங்கே பழகினர். எந்த வகுப்பறையும் அதனை அவர்க்குக் கற்பிக்கவில்லை. முடிவெடுத்தே முடிவெடுக்கக் கற்றனர். பிளவுற்றபோது, எடுத்த முடிவைக் காப்பதற்கும் ஒரு கல்வி வேண்டும் என்பதையும் நமக்கு உணர்த்தினர்.

நாம் கொள்ளவேண்டியது

1998ஆம் ஆண்டில் தொடங்கிய கேரளத்தின் குடும்பஸ்ரீ இயக்கத்தில் பாலசபைகள் உள்ளன. பிள்ளைகள் கூடி, பொறுப்பாளரைத் தேர்ந்து, தம் தேவைகளைப் பேசும் மன்றங்கள் அவை. பெரியோர் அருகிருந்தும் குறுக்கிடாது இருப்பின், அத்தகைய மன்றம் நூறு அறிவுரைகளுக்கு நிகராகும்.

பிழைப்பின் பொருட்டு ஊர் பெயர்ந்த நம் குடும்பங்களிலும் மலைத்தோட்டத்தின் நிழல் ஒன்று படிந்திருப்பதை எண்ணிப் பார்த்தல் நன்று. கங்காணியும் சங்கொலியும் நம் வீடுகளில் இல்லை. ஆனால் பிள்ளையின் பாடப்பிரிவையும் மாலைப் பொழுதையும் நட்பையும் நாமே வகுத்துவிட்டு, ‘பொறுப்பில்லையே’ என்று வருந்துகிறோம். கேரளத்தில் மேல்நிலைப் பள்ளிச் சேர்க்கைக்கு மாணவர் தம் விருப்பங்களை வரிசைப்படுத்தி விண்ணப்பிக்கின்றனர். அவ்வரிசையைப் பிள்ளையே முதலில் எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறட்டும். நாம் வினவுவோம், திருத்துமுன் கேட்போம். மாதம் ஒரு சிறு தொகையின் வரவுசெலவை அவரிடம் விடுவோம். பணம் முன்னரே தீர்ந்துபோயின், மறுமாதம் வரை பொறுத்திருக்கட்டும். அச்சிறு இழப்பு பிற்காலத்துப் பேரிழப்பைத் தடுக்கும்.

முன்பணத்துக்குக் கட்டுண்டு மலையேறிய மக்களின் வழித்தோன்றல்கள், தம் இலக்கைத் தாமே வகுக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அவர்கள் அரிதின் ஈட்டிய அவ்வுரிமை நம் வீடுகளில் எளிதாகக் கிடைப்பது. அதனைப் பிள்ளைகளுக்கு உரிய பருவத்தில் அளிப்பதே அவர்கட்கு நாம் வழங்கும் தலையாய கல்வி என்பது நம் துணிபு.